வெளியான செயலியின் லாக் எங்கே போகிறது?

நிரலாளர் சோதித்துப் பார்க்க எடுக்கும் டிபக் பில்டில் ஒழுங்காக ஓடிய செயலி, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கியதும் வேறு முகம் காட்டுவது உண்டு. உள்நுழைவுப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. வரைபடம் வர வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் நிற்கும். பட்டியல் வரும், ஆனால் ஒவ்வொரு வரியிலும் பெயர் காலியாக இருக்கும். நிரலாளர் கைபேசியைக் கணினியில் செருகி ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறக்கிறார். செயலிகள் ஓடும்போது எழுதும் குறிப்புகளைக் காட்டும் லாக் பகுதியில் தன் செயலியின் சுவடே தெரியவில்லை. கடைக்குப் போகும் ரிலீஸ் பில்டில் லாக் வராது என்று எங்கோ படித்தது நினைவுக்கு வருகிறது. விசாரணை அங்கேயே நின்று, ஊகம் தொடங்கிவிடுகிறது. ஒரு வரியை மாற்றுவது, மறுபடி பில்டு போடுவது, கடைக்கு அனுப்புவது, காத்திருப்பது என்று நாள்கள் போகின்றன.

ரிலீஸ் பில்டு பேசாது என்ற இந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. லாக் கிடைக்காது என்று நினைப்பவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும் விடையைப் பார்க்காமலே விடுகிறார். லாக்கை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைப்பவர் பயனரின் கடவுச்சொல்லையும், உள்நுழைந்தவர் என்பதற்குச் சான்றான டோக்கனையும் அதில் எழுதிவிட்டுப் போகிறார். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான்: ரிலீஸ் பில்டு எதைப் பேசுகிறது, எதைப் பேசுவதில்லை, யார் காதில் அது விழுகிறது என்பதை அறியாமை. இது ஆண்ட்ராய்டில் ஒரு விதமாகவும் ஐபோனில் வேறு விதமாகவும் நடக்கிறது. இரண்டையும் விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

ஆண்ட்ராய்டு: எல்லோருக்கும் ஒரே பஃபர்

ஆண்ட்ராய்டில் ஒரு செயலி எழுதும் லாக் அந்தச் செயலிக்குள் தங்குவதில்லை. லாக்டி என்ற சேவை கைபேசி முழுவதற்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாச் செயலிகளும் தங்கள் வரிகளை அதனிடமே ஒப்படைக்கின்றன. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-க்கு முன்பு இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருந்த ஒரு டிரைவர் இந்த வேலையைப் பார்த்தது. அந்தப் பதிப்பிலிருந்து லாக்டி பார்க்கிறது. செயலிகளின் வரிகளுக்கு மெயின், இயங்குதளத்துக்குச் சிஸ்டம், கிராஷுக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று என்று தனித்தனிப் பஃபர்களை (தற்காலிகச் சேமிப்பிடங்களை) அது நினைவகத்தில் வைத்திருக்கிறது. பல கைபேசிகளில் ஒரு பஃபரின் இயல்பான அளவு 256 கேபி. நிறைந்தால் மிகப் பழைய வரிகள் வெளியேறும். கைபேசியை அணைத்து எழுப்பினால் மொத்தமும் போய்விடும். ஒரு வரியின் நீளத்துக்கும் ஏறக்குறைய 4 கேபி என்ற வரம்பு உண்டு. சர்வரிடமிருந்து வந்த பெரிய ஜேசான் வடிவத் தரவை ஒரே வரியில் எழுதியவர்கள் பாதியோடு நின்ற வால்பகுதியைப் பார்த்திருப்பார்கள்.

வரியை அனுப்பிய செயலி டிபக் பில்டா ரிலீஸ் பில்டா என்று லாக்டி கேட்பதில்லை. வந்ததை வாங்கி வைக்கும், அவ்வளவுதான். நிரலிலிருந்து நீங்களோ, நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் உங்கள் கம்பைலரோ அந்த வரியை எடுக்கவில்லை என்றால், கடையிலிருந்து இறங்கிய செயலியும் அதே வரியை அதே சொற்களோடு எழுதிக்கொண்டுதான் இருக்கும். குழப்பத்துக்கு ஆண்ட்ராய்டின் ஆவணமும் ஒரு காரணம். லாக் வகுப்பைப் பற்றிய அதன் பக்கத்தில், முக்கியத்துவத்தில் கீழ்நிலையில் உள்ள டிபக் நிலை வரிகள் கம்பைல் ஆகும், ஆனால் ஓடும்போது நீக்கப்படும் என்ற பொருளில் ஒரு குறிப்பு நெடுங்காலம் இருந்தது. நடைமுறையில் அப்படி எதுவும் தானாக நீங்குவதில்லை. டிபக் நிலை வரிகள் ரிலீஸ் பில்டிலும் அப்படியே வந்து விழுகின்றன.

பிறகு ஏன் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் தெரியவில்லை? லாக்கைக் காட்டும் அதன் பழைய லாக்கேட் சாளரம், டிபக் செய்ய அனுமதி உள்ள செயலிகளை மட்டுமே மேலே உள்ள பட்டியலில் காட்டும். ரிலீஸ் பில்டில் டிபக்கபிள் என்ற கொடி அணைந்திருப்பதால் உங்கள் செயலி அந்தப் பட்டியலில் வராது. வரிகளை மறைத்தது வடிகட்டிதான், கைபேசி அல்ல. வடிகட்டியை முழுவதும் நீக்கினாலே வெள்ளமாகக் கொட்டும். அந்த வெள்ளத்தில் உங்கள் வரியைப் பிரித்தெடுப்பதுதான் அடுத்த வேலை.

அதற்கு நேரான வழி டெர்மினல். கைபேசியின் செட்டிங்ஸில் பில்டு எண்ணை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, கேபிளைச் செருகி, கைபேசித் திரையில் கேட்கும் அனுமதிக்குச் சம்மதம் தர வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிள் இல்லாமல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம். இனி, கணினியிலிருந்து கைபேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியின் லாக்கேட் கட்டளை போதும். முதலில் பிட்ஆஃப் கட்டளைக்குச் செயலியின் பேக்கேஜ் பெயரைக் கொடுத்து அதன் புராசஸ் எண்ணை வாங்குங்கள். அந்த எண்ணை லாக்கேட்டின் பிட் விருப்பத்தில் கொடுத்தால் உங்கள் செயலியின் வரிகள் மட்டும் ஓடும். ஆண்ட்ராய்டு 7 முதல் இந்த விருப்பம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: செயலி விழுந்து மீண்டும் எழுந்தால் புராசஸ் எண் மாறிவிடும். கிராஷைத் துரத்தும்போது இந்த வடிகட்டியை நம்ப வேண்டாம். கிராஷ் பஃபரை மட்டும் தனியாகக் கேளுங்கள். எந்த வரியில், எந்த அழைப்புகளின் வழியாக விழுந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸ் அங்கே மற்ற வரிகளின் நெரிசலில் சிக்காமல் நிற்கும்.

சில நிறுவனங்களின் கைபேசிகளில் லாக்கின் ஒரு பகுதியைத் தொழிற்சாலையிலேயே அணைத்து அனுப்புகிறார்கள். ஒரு கைபேசியில் வரி வரவில்லை என்றால் நிரலைச் சந்தேகிப்பதற்கு முன் இன்னொரு கைபேசியில் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வெற்றுக் கட்டமாக நின்ற வரைபடம்

இது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குக் கூகுள் மேப்ஸ் நல்ல சான்று. டிபக் பில்டில் வரைபடம் வருகிறது. பிளே ஸ்டோர் பதிப்பில் கூகுள் முத்திரை மட்டும் மூலையில் இருக்க, மற்றதெல்லாம் வெறுமை. செயலி விழுவதில்லை. பயனருக்குப் பிழைச் செய்தியும் கிடையாது. கிராஷ் அறிக்கைக்கும் எதுவும் போகாது. கைபேசியை இணைத்து லாக்கேட்டை ஓடவிட்டு அந்தத் திரையைத் திறந்தால், அங்கீகாரம் தோல்வி என்ற பொருளில் ஒரு பிழை நிலை வரி வருகிறது. அதை எழுதுவது உங்கள் நிரல் அல்ல, மேப்ஸ் நூலகம். அதன் கீழேயே, எந்த ஏபிஐ சாவி பயன்பட்டது, கைபேசியில் உள்ள செயலியின் ஷா-1 கைரேகை (கையொப்பமிட்ட சாவியை அடையாளம் காட்டும் குறியீடு) எது, பேக்கேஜ் பெயர் எது என்று அச்சாகிறது.

அந்தக் கைரேகையில்தான் விடை இருக்கிறது. நிரலாளர் தன் கணினியில் உள்ள சாவியின் கைரேகையைத்தான் கூகுள் கிளவுட் கன்சோலில் பதிந்திருப்பார். ஆனால் 2021 ஆகஸ்டு முதல் பிளே ஸ்டோரில் புதிய செயலிகள் ஆப் பண்டில் வடிவில்தான் போக வேண்டும். இறுதிக் கையொப்பத்தைக் கூகுள் தன்னிடம் உள்ள சாவியால் இடுகிறது. நிரலாளரின் சாவி மேலேற்றுவதற்கு மட்டுமே. ஆகவே பயனரின் கைபேசிக்கு வந்து சேரும் செயலியின் கைரேகை வேறு. லாக்கில் அச்சான கைரேகையை எடுத்துக் கன்சோலில் சேர்த்தால் வரைபடம் வந்துவிடும். புதிய பில்டு கூடத் தேவையில்லை. கூகுள் கணக்கு வழியாக உள்நுழைவதும் பல வேளைகளில் இதே காரணத்தால்தான் ரிலீஸில் மட்டும் உடைகிறது.

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே நிரலில் எழுத உதவும் ஃபிளட்டரில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. புதிய திட்டத்தை உருவாக்கும்போது இணைய அனுமதி, டிபக்குக்கும் புரொஃபைலுக்கும் உரிய மேனிஃபெஸ்ட் கோப்புகளில் (செயலிக்கு வேண்டிய அனுமதிகளைச் சொல்பவை) தானாக வந்துவிடுகிறது, ஏனென்றால் ஹாட் ரீலோடு போன்ற கருவிகளுக்கு அது வேண்டும். முதன்மை மேனிஃபெஸ்டில் அது இருப்பதில்லை. ரிலீஸ் பில்டு எடுத்தால் செயலிக்கு இணையமே கிடையாது. லாக்கேட்டில் ஃபிளட்டர் என்ற டேகைத் தேடினால், சாக்கெட் எக்செப்ஷன், சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பிழை எண் 7 என்று வந்து நிற்கும். இதைப் பார்த்தவர் முதலில் சர்வரையும் வைஃபையையும் சந்தேகிப்பது இயல்பு. ஆனால் அதே கைபேசியில், அதே வைஃபையில் டிபக் பில்டு ஓடுகிறது என்ற ஒரு ஒப்பீடு போதும். சர்வர் தப்பித்துவிடும், மேனிஃபெஸ்ட் மாட்டிக்கொள்ளும்.

ரிலீஸில் மட்டும் தலைகாட்டும் பிழைகளை டிபக் பில்டில் தேடுவது வீண் வேலை. கையொப்பம், அனுமதி, கம்பைலரின் சுருக்கல், வேகம் எல்லாமே இரண்டுக்கும் வேறு. ஃபிளட்டரின் டார்ட் மொழியில் ஒரு நிபந்தனை சரியா என்று சோதிக்கும் அசெர்ட் வரிகள் ரிலீஸில் முற்றிலும் நீங்கிவிடும். யாராவது அசெர்ட்டுக்குள் உண்மையான வேலை செய்யும் ஒரு அழைப்பை வைத்திருந்தால், அந்த வேலையும் சேர்ந்து போய்விடும். ஐபோனுக்கு எழுதும் ஸ்விஃப்ட் மொழியிலும் இதே கதைதான். எந்தப் பில்டில் பிழையோ, அந்தப் பில்டின் வாயிலிருந்தே விவரம் வர வேண்டும்.

மறைவது பெயர்கள்

லாக் வந்துவிட்டது, ஆனால் படிக்க முடியவில்லை என்பது அடுத்த கட்டம். ஸ்டாக் டிரேஸில் உங்கள் வகுப்புகளின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஏ, பி, சி என்று ஒற்றை எழுத்துகள் நிற்கும். 2019-இல் ஆண்ட்ராய்டின் கிரேடில் பிளகின் 3.4 வந்தபோது ஆர்8 இயல்பான கம்பைலர் கருவியாகிவிட்டது. பயன்படாத நிரலை அது வெட்டுகிறது, மிஞ்சியவற்றின் பெயரைச் சுருக்குகிறது. மேலே சொன்ன பெயர் காலியான பட்டியலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஜேசானைப் படிக்கும் ஜிசான் போன்ற நூலகங்கள் ஜேசானில் உள்ள பெயரையும் வகுப்பில் உள்ள புலத்தின் பெயரையும் பொருத்திப் பார்த்து மதிப்பை நிரப்புகின்றன. புலத்தின் பெயரை ஆர்8 மாற்றிவிட்டால் பொருத்தம் கிடைக்காது, மதிப்பு வெறுமையாகிவிடும். பிழை என்று எதுவும் எழுதப்படாமலே இது நடக்கும் என்பதுதான் கொடுமை. அந்த வகுப்புகளைத் தொடாதே என்று ஆர்8-க்கு விதி எழுதுவதும், ஒவ்வொரு புலத்துக்கும் ஜேசான் பெயரை வெளிப்படையாகக் குறித்துவிடுவதும் தீர்வு.

பெயரைச் சுருக்கும்போதே எது எதுவாயிற்று என்ற பட்டியலையும் ஆர்8 மேப்பிங் கோப்பில் எழுதித் தருகிறது. ரிட்ரேஸ் என்ற கருவிக்கு இந்தக் கோப்பையும் ஸ்டாக் டிரேஸையும் கொடுத்தால் பழைய பெயர்களும் வரி எண்களும் திரும்பும். ஆப் பண்டிலாக ஏற்றினால் மேப்பிங் பிளே கன்சோலுக்குத் தானாகவே போய்விடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு வெளியீட்டின் மேப்பிங்கையும் பதிப்பு எண்ணோடு தனியே சேமித்து வைப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். அடுத்த பில்டு எடுத்தால் பழைய கோப்பின் மேல் புதியது எழுதப்படும். அதே நிரலில் சிறு மாற்றம் செய்தாலும் பெயர்கள் வேறாகச் சுருங்கும். மேப்பிங் தொலைந்த பதிப்பின் ஸ்டாக் டிரேஸை உறுதியாகப் படிக்க வழியில்லை. ஃபிளட்டரில் நிரலை மறைத்து எடுக்கும்போது தனியாகப் பிரித்து வைக்கும் டிபக் தகவலுக்கும், ரியாக்ட் நேட்டிவின் சோர்ஸ் மேப்புக்கும், ஐபோனின் டிசிம் கோப்புக்கும் இதே மரியாதை தர வேண்டும். டிசிமில் ஒரு கூடுதல் கண்டிப்பு: ஒவ்வொரு பில்டுக்கும் ஒரு அடையாள எண் உண்டு, அது இம்மி பிசகாமல் பொருந்தினால்தான் முகவரிகள் பெயர்களாக மாறும்.

லாக் வரிகளையே நிரலிலிருந்து எடுத்துவிடும் வழியும் உண்டு. லாக் வகுப்பின் குறிப்பிட்ட அழைப்புகளால் பக்கவிளைவு இல்லை என்று ஆர்8-க்கு ஒரு விதி எழுதினால், அந்த அழைப்புகளை அது நீக்கிவிடும். மேம்படுத்தல் இயங்கும் நிலையில் மட்டுமே இந்த விதி வேலை செய்யும். இன்னொரு நுணுக்கம்: அழைப்பு போனாலும், அதற்காகச் சொற்களை ஒட்டிச் சரம் உருவாக்கிய நிரல் சில வேளை தங்கிவிடும். பலர் கையாளும் டிம்பர் நூலகம் வேறு பாதையில் போகிறது. வரி எங்கே போக வேண்டும் என்பதை நட்டு வைக்கும் மரங்கள் தீர்மானிக்கின்றன. டிபக் பில்டில் லாக்கேட்டுக்கு எழுதும் மரம், ரிலீஸில் எச்சரிக்கையும் பிழையும் மட்டும் கிராஷ் சேவைக்கு அனுப்பும் மரம். எனக்குப் பிடித்தது இந்த அணுகுமுறை. ரிலீஸ் பில்டு என்ன பேச வேண்டும் என்ற கேள்வியை அது நிரலாளரிடம் நேரடியாகக் கேட்டு, ஒரே இடத்தில் விடை எழுத வைக்கிறது.

ஐபோனின் கணக்கு வேறு

ஐபோனில் எந்த அழைப்பில் எழுதினீர்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்விஃப்ட்டின் பிரின்ட் எழுதுவது வெளியீட்டு ஓடைக்கு. ஆப்பிளின் நிரலெழுதும் கருவியான எக்ஸ்கோடு இணைந்திருந்தால் அங்கே தெரியும். கடையிலிருந்து இறங்கிய செயலியில் அதைப் படிக்க யாரும் இல்லை. பழைய என்எஸ்லாக் அப்படியல்ல. டிபக், ரிலீஸ் என்ற வேறுபாடு பாராமல் கைபேசியின் பொது லாக்குக்கே எழுதும். ஆகவே ஒரு நிரலாளர் பிரின்ட்டைப் பயன்படுத்தி ரிலீஸில் லாக் வராது என்கிறார்; இன்னொருவர் என்எஸ்லாக்கைப் பயன்படுத்தி வரும் என்கிறார். இருவர் சொல்வதும் அவரவர் நிரலுக்குச் சரி.

2016-இல் ஐஓஎஸ் 10-உடன் ஆப்பிள் ஒருங்கிணைந்த லாக் முறையைக் கொண்டுவந்தது. 2020-இல் ஐஓஎஸ் 14 அதற்கு லாகர் என்ற எளிய ஸ்விஃப்ட் வடிவத்தைத் தந்தது. இதில் நிலைக்கு ஏற்றபடி ஆயுள் மாறுகிறது. டிபக் நிலை வரியை யாரும் பார்த்துக்கொண்டிராத வேளையில் முறைமை சேமிப்பதே இல்லை. இன்ஃபோ நினைவகத்தில் மட்டும் சிறிது நேரம் இருக்கும். நோட்டீஸ், பிழை, ஃபால்ட் ஆகியவை வட்டில் எழுதப்படும். மேக் கணினியின் கன்சோல் செயலியில் கைபேசியைத் தேர்ந்தெடுத்து, இன்ஃபோ, டிபக் வரிகளையும் சேர் என்று மெனுவில் சொன்னால் ரிலீஸ் பில்டின் டிபக் வரிகளும் நேரலையில் ஓடும். அந்த மெனுவைத் தொடாமல், வரி வரவில்லை என்று திரும்பிப் போனவர்கள் ஏராளம்.

வரி வந்த பிறகும் ஒரு வியப்பு காத்திருக்கும். பயனர் எண் என்று எழுதிய இடத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பிரைவேட் என்ற சொல் கோணக் குறிகளுக்குள் நிற்கும். ஓடும்போது உருவாகும் சரங்களை ஆப்பிள் இயல்பாகவே அந்தரங்கம் என்று கொள்கிறது. வெளிப்படையாகப் பப்ளிக் என்று குறித்தால்தான் காட்டும். முழு எண்கள் போன்ற எளிய மதிப்புகள் மறைக்கப்படுவதில்லை. எக்ஸ்கோடின் டிபக்கர் இணைந்திருக்கும்போது மறைப்பு இருக்காது என்பதால், இது முதன்முதலில் ரிலீஸில்தான் கண்ணில் படுகிறது. மதிப்பை மறைத்து அதிலிருந்து கணக்கிட்ட குறியீடான ஹேஷை மட்டும் காட்டச் சொல்லும் வசதியும் உண்டு. அதே பயனர் இரண்டு வரிகளில் வருகிறாரா என்று பொருத்திப் பார்க்கலாம். அவர் யார் என்று தெரியாது. பேசாமல் இருந்தால் மறைவு, வாய் திறந்து சொன்னால்தான் வெளிச்சம் என்ற இந்த ஏற்பாட்டை ஆண்ட்ராய்டும் முன்பே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைச் சிறிது பின்னால் வரும் நிகழ்ச்சி சொல்லும்.

கைபேசி நம் கையில் இல்லாதபோது

இதுவரை சொன்னதெல்லாம் கேபிள் எட்டும் தூரத்துக்கு. பிழையோ பெரும்பாலும் வேறு ஊரில், வேறொருவர் கையில் நடக்கிறது. அவரிடம் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்கச் சொல்ல முடியாது. ஐபோனில் இரண்டு ஒலிப் பொத்தான்களையும் பக்கப் பொத்தானையும் ஒருங்கே ஒரு நொடி அழுத்தி விட்டால் சிஸ்டயக்னோஸ் என்ற பெரும் அறிக்கை உருவாகும். ஆண்ட்ராய்டில் பக் ரிப்போர்ட் உண்டு. இரண்டிலும் உங்கள் செயலியின் வரிகள் மட்டுமல்ல, அந்த மனிதரின் கைபேசி முழுவதின் நடமாட்டமும் இருக்கிறது: நிறுவியுள்ள மற்ற செயலிகள், வைஃபை பெயர்கள், இன்னும் பல. ஒரு சிறு செயலியின் பிழைக்காக முன்பின் தெரியாத பயனரிடம் இதைக் கேட்பது முறையல்ல. உங்கள் சோதனைக் குழுவினரிடம் கேட்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கிராஷ் சேவைகள் இந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. கிராஷ்லிடிக்ஸில் செயலி தானே எழுதி வைக்கும் வரிகள், விழும்போது அறிக்கையோடு சேர்ந்து போகின்றன. ஒரு அமர்வுக்கு 64 கேபி வரை இடம். மீறினால் பழையவை போய்விடும். சென்ட்ரி இதே வேலைக்கு வைத்திருக்கும் தடங்களின் இயல்பான எண்ணிக்கை 100. பெரிதாகத் தோன்றாவிட்டாலும் இது போதுமானது, எழுதுபவர் சிக்கனமாக எழுதினால். ஆண்ட்ராய்டு 11-இல் வந்த ஒரு வசதி இன்னும் பலருக்குத் தெரியவில்லை. செயலி முந்தைய முறை ஏன் இறந்தது என்பதை அடுத்த முறை எழும்போது அதுவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: கிராஷா, நினைவகம் போதாமல் இயங்குதளம் கொன்றதா, திரை உறைந்து பதிலளிக்காமல் போனதா, பயனரே மூடினாரா என்று. திரை உறைந்திருந்தால் அந்நேரத்துத் திரெட்களின் நிலையையும் தரும். பயனரை ஒரு வார்த்தை கேட்காமல், அவரைப் பற்றிய எதையும் எடுக்காமல் இவ்வளவு தெரிகிறது.

செயலி விழாமலே தவறாக நடப்பதுதான் கடினம். அதற்குச் செயலியே தன் சேமிப்பிடத்தில் ஒரு சிறு லாக் கோப்பை வைத்து, அளவு மீறினால் பழையதை வெட்டி எழுத வேண்டும். உதவிப் பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் கோப்பின் உள்ளடக்கம் திரையில் தெரிய வேண்டும். படித்துவிட்டு அனுப்பலாமா என்று பயனர் முடிவு செய்ய வேண்டும். ஐஓஎஸ் 15 முதல் செயலி தன் லாகர் வரிகளைத் தானே படிக்கலாம் என்றாலும், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் புராசஸின் வரிகள் மட்டுமே கிடைக்கும். விழுந்து எழுந்த பிறகு முந்தையது கிடைக்காது என்பதால் அங்கும் தனிக் கோப்பு தேவைப்படுகிறது.

யார் காதில் விழுகிறது

ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில், அனுமதி கேட்டு வாங்கிய எந்தச் செயலியும் கைபேசி முழுவதின் லாக்கையும் படிக்கலாம். 2012-இல் ஆண்ட்ராய்டு 4.1 அதை நிறுத்தியது. அதன் பிறகு சாதாரணச் செயலி தன் வரிகளை மட்டுமே படிக்க முடியும். ஆண்ட்ராய்டு 13 இன்னொரு தடுப்பைச் சேர்த்தது: அனுமதி உள்ள செயலியும் முழு லாக்கைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் பயனரிடம் திரையில் கேட்கப்படும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. கைபேசியை விற்கும் நிறுவனம் முன்கூட்டியே நிறுவித் தரும் செயலிகளுக்கு லாக் படிக்கும் உரிமை தரப்பட்டு வந்தது.

அந்த வாசலின் விலை 2021-இல் தெரிந்தது. கோவிட் காலத்தில் கூகுளும் ஆப்பிளும் சேர்ந்து, தொற்றுள்ளவர் அருகில் இருந்தாரா என்று புளூடூத் வழியாக அறியும் ஏற்பாட்டை உருவாக்கின. யார் யாரைச் சந்தித்தார் என்பது கைபேசியை விட்டு வெளியே போகாது என்பதே அதன் அடிப்படை வாக்குறுதி. குறியீட்டு எண்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்படி கவனமாக வடிவமைத்திருந்தார்கள். ஆப்சென்சஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்ட்ராய்டில் அதைச் சோதித்தபோது, கைபேசி அனுப்பிய எண்களும் அருகிலிருந்த கைபேசிகளிடமிருந்து கேட்ட எண்களும் பொது லாக்கில் எழுதப்படுவதைக் கண்டது. பிப்ரவரியில் கூகுளுக்குத் தெரிவித்தார்கள். ஏப்ரல் இறுதியில் செய்தி வெளியானபோது திருத்தம் போய்க்கொண்டிருப்பதாகக் கூகுள் சொன்னது. யாரும் அதைத் திருடியதற்குச் சான்று இல்லை. ஆனால் முன்கூட்டியே நிறுவப்பட்ட செயலிகள் படிக்கக்கூடிய இடத்தில் அது கிடந்தது. குறியாக்கம், நெறிமுறை, சட்டம் என்று எல்லாம் யோசித்து உருவாக்கிய ஓர் அமைப்பை வெகு சில லாக் வரிகள் திறந்துவிட்டன.

சர்வர் பக்கமும் இதற்கு விலக்கல்ல. 2018 மே மாதம் டுவிட்டர் தன் 33 கோடிப் பயனர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. ஹேஷ் ஆவதற்கு முன்பே கடவுச்சொற்கள் ஓர் உள் லாக்கில் எழுதப்பட்டிருந்தன. 2019-இல் கடவுச்சொற்களை உள் சேமிப்பில் படிக்கும் வடிவில் வைத்திருந்ததை ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியாவில் 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு எடுக்காமல் தரவு கசிந்தால் ₹250 கோடி வரை தண்டம் என்கிறது. லாக் கோப்பு என்பதற்காக அதில் சலுகை கிடையாது.

ஆகவே எல்லா லாக்கையும் வெட்டிவிடலாமா? இந்தப் பயத்தில் அப்படிச் செய்த குழுக்கள், அடுத்த பிழை வந்தபோது இருட்டில் நிற்கின்றன. இருட்டில் நிற்பவர் அவசரத்தில் ஒரு சிறப்புப் பில்டு எடுப்பார். அதில் எல்லாவற்றையும் எழுதச் செய்வார். அது எங்கெங்கோ பகிரப்படும். டிபக்கபிள் கொடியை இயக்கிய பில்டைப் பிளே ஸ்டோர் ஏற்காது என்பதால் அந்தக் கோப்பு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் சுற்றும். அந்தக் கொடி இருந்தால், கேபிளைச் செருகிய எவரும் செயலியின் தனிச் சேமிப்பிடத்துக்குள் ரன்ஆஸ் கட்டளை வழியாக நுழையலாம். எல்லாவற்றையும் மறைக்கத் தொடங்கியவர் இதைவிடப் பெரிய ஓட்டையில் வந்து நிற்கிறார்.

ரிலீஸ் பில்டில் நான் தங்கச் சொல்லும் வரி எப்படி இருக்கும் என்றால்: பணம் செலுத்தும் கட்டம் 3, சர்வர் பதில் 502, மறுமுயற்சி 2, வலையமைப்பு மொபைல் டேட்டா, பதிப்பு 4.1.7. இதில் ஒரு மனிதர் இல்லை. ஆனால் பிழையின் இடம் இருக்கிறது. சர்வர் லாக்கோடு பொருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தற்செயலாக உருவாக்கிய ஓர் எண்ணைச் சேர்க்கலாம். தொலைபேசி எண், மின்னஞ்சல், ஓடிபி, டோக்கன், சர்வருக்குப் போகும் முழு உள்ளடக்கம், வரும் முழு உள்ளடக்கம் ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. எக்செப்ஷனின் செய்தியை அப்படியே எழுதுவதிலும் கவனம் வேண்டும். சில நூலகங்கள் முழு இணைய முகவரியையும் செய்திக்குள் வைக்கும்; அதன் வாலில் டோக்கன் தொங்கும். நெட்வொர்க் நூலகங்கள் கோரிக்கை முழுவதையும் எழுதும் வசதியைத் தருகின்றன. டிபக்கில் இயக்கியதை ரிலீஸில் அணைக்க மறப்பதால் கசிவுகள் நடக்கின்றன. ஒரு குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் கூடுதல் விவரம் வேண்டுமென்றால், அவர் சம்மதத்தோடு சர்வரிலிருந்தே அமைப்பை மாற்றும் ரிமோட் கான்ஃபிக் வழியாக நிலையை உயர்த்தலாம். அது ஒரு நாளில் தானாகவே இறங்கிவிட வேண்டும்.

வெளியிடும் முன் சோதிப்பது கடினமல்ல. பிளே ஸ்டோரின் உள் சோதனைத் தடத்திலிருந்தோ டெஸ்ட்ஃபிளைட்டிலிருந்தோ, பயனருக்குப் போகப்போகும் அதே பில்டை நிறுவுங்கள். லாக்கை ஒரு கோப்புக்குள் ஓடவிட்டு, எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணோடும் கடவுச்சொல்லோடும் உள்நுழைந்து எல்லாத் திரைகளையும் சுற்றி வாருங்கள். நடுவில் ஏரோப்ளேன் மோடை இயக்கி, பாதியில் ஒரு கோரிக்கையை முறியுங்கள். பிறகு கோப்பைத் திறந்து இரண்டைத் தேடுங்கள். அந்த எண்ணோ கடவுச்சொல்லோ ஒரு வரியிலேனும் கிடைத்தால் அந்தப் பில்டு போகக் கூடாது. முறிந்த கோரிக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றாலும் போகக் கூடாது.